உள்ளே போகாத செருப்பு

"வீல்...!"

அலறியது ஒரு சுற்றுலாப் பயணி. மற்ற பதினோரு பேரும் கைதட்டினார்கள்.

கடற்கோட்டையின் காவல் கோபுரத்துக்குக் கீழே, பாறைமேல் குப்புறக் கிடந்தவரை நடிகர் என்று நினைத்துவிட்டார்கள். டிக்கெட்டில் சேர்ந்த காட்சி என்று எண்ணம்!

நடிகர் எழுந்து வணக்கம் சொல்லவில்லை.

அப்புறம்தான் போலீஸ் வந்தது.

செத்தவர் பயணக் கையேடு எழுதுகிறவர். பழைய துறைமுக ஊர்களில் எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று எழுதுவார். இந்த ஊர்க் கையேட்டின் புதுப் பதிப்புக்காக வந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் கோபுர உச்சிக்கு ஏறினார். முகத்தில் சலனம் இல்லை. பதினெட்டு வருட சர்வீஸில் அது தேய்ந்து போயிருந்தது.

உச்சித் தளத்தில் காலையில் போட்ட சிமெண்ட். இன்னும் ஈரம். கொத்தனார் டீ குடிக்கப் போன நேரத்தில் யாரோ மிதித்திருந்தார்கள்.

"என்ன ஏட்டு?"

"செத்தவரோட ஷூ தடம் உள்ளே போயிருக்கு மேடம். திரும்பி வரலை."

"வராதுய்யா. கீழே விழுந்துட்டாரே."

"கூடவே ஒரு ரப்பர் செருப்பு. அதான்..." ஏட்டு தடங்களை மறுபடி எண்ணினார். "அது ரெண்டு தடவை வெளியே வந்திருக்கு. ஒரு தடவைகூட உள்ளே போகலை!"

"குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம். இனிமேதான்."

கூடவே ஏறி வந்து தளத்தின் வாசற்படியில் நின்ற கைடு இருமினார். முப்பது வருடமாக இந்தக் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்.

"கேப்டனோட ஆவிம்மா! இருநூறு வருஷம் முன்னாடி இங்கேருந்து தள்ளிக் கொன்னாங்களே, அவரு!"

"கையேட்டுக்காரர் அதை நம்பினாரா?"

"எங்கே? 'இங்கே கொலையே நடக்கலைய்யா, புதுப் பதிப்புல உன் கதையைத் தூக்கிடறேன்'னு நேத்து சொன்னார்." கைடின் குரல் மரத்துப் போயிருந்தது. "அது இல்லேன்னா இங்கே என்னம்மா இருக்கு? செவுரும் புறாவும்."

"அதனால தள்ளிட்டீங்க?"

"இப்ப உங்ககூட வந்ததைத் தவிர நான் இன்னிக்கு மேலேயே ஏறலை!"

இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்கினார்.

"சரி பெரியவரே. கீழே போய் எனக்குக் கோட்டையைக் காட்டுங்க. கூட்டத்துக்குக் காட்டற மாதிரியே."

கீழே வந்ததும் கைடு குடையை உயர்த்தினார். "வாங்க, வாங்க... இடது பக்கம் பீரங்கி மேடை..."

இன்ஸ்பெக்டர் பீரங்கியைப் பார்க்கவில்லை. ரப்பர் செருப்பு போட்ட கைடின் காலைப் பார்த்தார்.

அவர் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்!

கூட்டத்துக்கு முகம் காட்டி, ஒரு கல்கூட இடறாமல்... முப்பது வருடமாக அப்படித்தான்.

"நில்லுங்க. உங்க ஆவி உள்ளேயும் போயிருக்கு. பின்பக்கமா!"

கைடு நின்றார். யாருடையதோ போலத் தன் கால்களைப் பார்த்தார்.

"போறப்போ ஈரத்தைப் பார்க்கலைம்மா. கண்ணெல்லாம் அவர் மூஞ்சிமேல. ஓரத்துல அவர் எட்டிப் பார்த்தப்போ தள்ளிட்டேன். அப்புறம்தான் குனிஞ்சு என் காலடியைப் பார்த்தேன்."

ஏட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் செத்தவரின் குறிப்பேடு.

"மேடம்! இன்னிக்குக் காலையில எழுதினது!"

'கைடின் கதையை நீக்கவும்' என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே: 'இவர் சொல்வது அத்தனையும் பொய். ஆனாலும் தவறவிடாதீர்கள். இந்த ஊரில் பார்க்க வேண்டியது இவர் ஒருவரைத்தான்.'

இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார்.

ஒரு புறா பறந்தது. கைடு அது உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல ஒரு திருத்தம் வேணும்மா."

"என்ன?"

"அத்தனையும் பொய்னு போடக் கூடாது. இங்கேருந்து ஒருத்தரைத் தள்ளிக் கொன்னது... இப்ப நிஜம்தானே?"