ஆடிக்கு முன் காலி செய்!

"ஆ...!"

ஜெயப்பிரியாவின் அலறலில் கொடைக்கானல் நாயுடுபுரம் மேடே அதிர்ந்தது.

கையிலிருந்த அட்டைப்பெட்டி நழுவியது. உள்ளே கண்ணாடி கிளாஸ்கள் நொறுங்கின.

ஹாலில் உளுத்துப்போன கூரைப் பலகைகள் குவிந்து கிடந்தன. அவற்றின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டு...

இரண்டு வெறுங்கால்கள்!

செல்வமுருகன் ஓடி வந்தான். மனைவியை விலக்கிவிட்டு மேல் பலகையைத் தூக்கினான்.

"ஐயோ... ஹவுஸ் ஓனர்!"

வீட்டுக்காரர் ராஜமுருகன். பின் மண்டை பிளந்திருந்தது.

மூன்று வருடமாக அந்தக் கூரையைச் சரிசெய்து தரச் சொல்லிக் கெஞ்சியிருந்தார்கள். அதே கூரைக்கு அடியில் அவரே பிணமாக!

நேற்று மாலை அடித்த மழையில் படுக்கை நனைந்து, கணவனும் மனைவியும் லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். இன்று காலை சாமான்களை ஏற்றிக்கொண்டு ஒரேயடியாகக் கிளம்பத்தான் வந்திருந்தார்கள்.

வாசலில் பூண்டு மூட்டை ஏற்றும் வண்டி வந்து நின்றது. மேல்மலைப் போளூரிலிருந்து அதை ஓட்டி வந்த செல்வமுருகனின் அப்பா வேலப்பன் இறங்கினார். எழுபது வயது. வளையாத முதுகு. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

வந்தவர் பிணத்தைப் பார்த்தார். அப்புறம் மகனைப் பார்த்தார்.

"ஏலே... நீ ஒண்ணும் செய்யலயே?"

"அப்பா! சத்தியமா இல்லப்பா!"

"அது போதும். போலீசுக்குப் போனைப் போடு."

அரை மணியில் இன்ஸ்பெக்டர் மணிமேகலை வந்தாள். பலகைகளைப் பார்த்தாள். மூலையில் சாய்த்திருந்த கடப்பாரையைப் பார்த்தாள். குனிந்து தொட்டாள்.

"ஈரம். கழுவி வெச்சிருக்கு. யாரோடது?"

"என்னோடது மேடம்..." செல்வமுருகன் கட்டிலைக் காட்டினான். "கட்டிலைப் பிரிக்கக் கொண்டு வந்து போட்டிருந்தேன்..."

"கூரை தானா விழுந்தா உச்சந்தலையில அடி படும். இவருக்குப் பின்னாடி பட்டிருக்கு. அடிச்சுப் போட்டுட்டு மேல பலகையை இழுத்து விட்டிருக்காங்க. நேத்து கடைத்தெருவுல இவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அது... கோவத்துல..."

"'இந்த முகடு உம்ம தலையில விழுந்தாத்தான் புத்தி வரும்'. கடைத்தெருவே கேட்டிருக்கு!"

வேலப்பன் முன்னால் வந்தார்.

"என் மகனுக்கு வாய்தான் பேசும்மா. கை பேசாது. எங்க குடும்பத்துல போலீஸ் ஸ்டேஷன் படியை மிதிச்சவன் எவனும் கெடையாது."

"இன்னைக்கு மிதிச்சுருவாரு போலிருக்கே, பெரியவரே!"

ஏட்டு செல்வமுருகனின் கையில் விலங்கை மாட்டினார். க்ளிங்...!

ஜெயப்பிரியா அழுதாள். "அப்பவே சொன்னேன் மாமா. ஒழுகாத வாடகை வீடா பாத்து வெள்ளனே போயிரலாம்னு. நீங்கதான் 'போனா சொந்தமா வாங்கிப் போ, மறுபடி வாடகைக்குப் போறது நமக்குக் கேவலம்'னு இழுத்தடிச்சீங்க!"

வேலப்பன் மகன் கையிலிருந்த விலங்கைப் பார்த்தார்.

மணிமேகலையின் பார்வை வாசலுக்குப் போயிருந்தது. அங்கே ஒரு ஜோடி ஷூ, ஒழுங்காக அருகருகே வைக்கப்பட்டிருந்தது.

"இது ஓனரோடதா?"

"ஆமா மேடம்." ஜெயப்பிரியா மூக்கைத் துடைத்தாள். "ஆனா அவரு கழட்டவே மாட்டாரு. சேத்தோட நேரா சமையக்கட்டு வரைக்கும் வருவாரு. எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன்!"

"இந்தக் குளிர்ல... இன்னைக்கு மட்டும் ஏன் கழட்டினாரு?"

மணிமேகலை காற்றை முகர்ந்தாள். ஏதோ ஒரு வாசனை... அடிப்பிடித்த வாசனை!

கிழக்குச் சுவரை ஒட்டி மூன்று செங்கற்கள். நடுவே சாம்பல். கல்லில் வெள்ளையாக வழிந்து காய்ந்த கறை. பக்கத்தில் ஒரு கைப்பிடி உப்பு, ஒரு மஞ்சள் கிழங்கு.

"பால்!" என்றாள். "யாரோ பால் காய்ச்சியிருக்காங்க!"

"காலி பண்ற வீட்டுல நாங்க எதுக்கும்மா பால் காய்ச்சணும்?" என்றார் வேலப்பன்.

"நீங்க இல்ல. இந்த வீட்டை வாங்க வந்தவன்! நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடியில எவனும் வீடு புகுறதில்ல. அதான் இன்னைக்கே அவசரமா..."

வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"யாரு?"

"வீட்டு புரோக்கர் சண்முகராஜ்," என்றான் செல்வமுருகன். "வாடகைக்குப் பாத்திருக்க வீட்டுச் சாவியைக் கொண்டு வர்றாரு. லாட்ஜ் புடிச்சுக் குடுத்ததும் அவருதான்."

மணிமேகலையின் கண்கள் மின்னின.

"ஏட்டையா! அவரு விலங்கைக் கழட்டுங்க. சாக்கைப் போட்டு அடுப்பை மூடுங்க. பால் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது!"

வேலப்பனைத் தனியே அழைத்துக் காதில் ஏதோ சொன்னாள். கிழவரின் முகம் சிவந்தது.

"அது மட்டும் என்கிட்ட ஆகாதும்மா."

அவள் ஏட்டின் கையிலிருந்த விலங்கைக் காட்டினாள். வேலப்பன் மகனைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சண்முகராஜ் உள்ளே வந்தான். பிணத்தைக் கண்டதும் வாயைப் பொத்தினான்.

"ஐயையோ... கூரை விழுந்துருச்சா! நான் அப்பவே சொன்னேன் சார், இந்த வீடு ஆகாதுன்னு. இந்தாங்க புது வீட்டுச் சாவி. வெரசா கெளம்புங்க!"

"சாவியை உள்ள வையுங்க, சண்முகராஜ்," என்றார் வேலப்பன். "நாங்க எங்கயும் போகல. இந்த வீட்டையே வாங்குறோம்."

சாவியை நீட்டிய சண்முகராஜின் கை பாதியில் நின்றது.

"இ... இதையா? பொணம் கெடக்கற வீட்டையா?"

"பொணத்தை எடுத்துக் கழுவி விட்டா வீடு வீடுதான். இங்கேருந்து ஓடுனா என் மகனைக் கொலைகாரன்னு ஊர் சொல்லும். ஜெயப்பிரியா! பானையை எடும்மா. ஆடி பொறக்கறதுக்கு முன்ன, இன்னைக்கே பால் காய்ச்சிரு."

"கூடாது!" சண்முகராஜ் கத்தினான்.

"ஏன்?"

"காலையில பால் பொங்குன வீட்டுல, அன்னைக்கே இன்னொருத்தன் காய்ச்சுனா... மொதல்ல காய்ச்சுனவன் குடும்பம் வெளங்குமா?"

ஹாலே உறைந்தது!

மணிமேகலை நிதானமாக நடந்து வந்து சாக்கை விலக்கினாள்.

"காலையில இங்க பால் பொங்குச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க, சண்முகராஜ்?"

வியர்த்தான். கொடைக்கானல் குளிரில் வியர்த்தான்!

ஏட்டு ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினார். உள்ளே மஞ்சள் கயிறு கட்டிய பித்தளைச் சொம்பு. அடியில் கருகிய பால்!

"கடப்பாரையைக் கழுவத் தெரிஞ்சவனுக்கு இதைத் தூக்கி எறிய மனசு வரலையோ?"

"எப்படி மேடம் எறிவேன்... வீட்டுக்குப் பால் காய்ச்சுன சொம்பு!" சண்முகராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இந்த வீட்டை எனக்கே தர்றேன்னு வாக்குக் குடுத்தாரு. இவங்க லாட்ஜுல இருக்கறப்பவே பாலை மட்டும் காய்ச்சிரலாம்னுதான் வந்தேன். அவரும் ஷூவைக் கழட்டிட்டு வந்து நின்னு, பால் பொங்குறப்ப சிரிக்கறாரு... 'வேற பார்ட்டி வந்திருக்கு, உனக்கு இல்ல'ன்னு! ஒரு நிமிஷம் கண்ணு இருட்டிருச்சு..."

செல்வமுருகன் அப்பாவின் கையைப் பிடித்தான்.

ஜெயப்பிரியா தயங்கினாள். "மாமா... நெசமாவே இதை வாங்கப் போறோமா?"

"போம்மா! என் வாழ்க்கையில சொன்ன மொத பொய். மகனுக்காகச் சொன்னேன். வாடகை வீடே போதும். சாமானை ஏத்துங்க. இன்னும் பொழுது கெடக்கு, ஆடிக்கு முன்ன அங்க பால் காய்ச்சிரலாம்."

சண்முகராஜ் கையிலிருந்த சாவியை அவரே வாங்கிக்கொண்டார்.

விலங்கு இடம் மாறியது. க்ளிங்...!

மணிமேகலை புரோக்கரின் தோளைத் தட்டினாள்.

"எந்திரிங்க. உங்களுக்கும் ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன். வாடகை இல்ல, அட்வான்ஸ் இல்ல, கூரை ஒழுகாது. முக்கியமா... அங்க குடி போக ஆடி மாசம் ஒரு தடையே இல்ல!"