தணிகாசலத்தோட வலது கால்

"நான் தைக்கலைய்யா! தூங்கிட்டு இருந்தேன்!"

"நீங்க தூங்குனீங்கம்மா, ஒத்துக்குறேன். உங்க விரல் தூங்கலையே. ராத்திரி முழுக்க ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெச்சு தைச்சிருக்கு."

"கனவுல தைச்சா கூலி யாருய்யா குடுப்பா? நீ குடுப்பியா?"

சர்க்கார் ஆபீஸ் வரிசையில பின்னாடி நின்ன தணிகாசலத்துக்கு சிரிப்பும் வந்துச்சு, பயமும் வந்துச்சு. சண்டை போட்டது ஷாகிரா, பஜார்ல ஜாக்கெட் தைச்சுக் குடுத்துக்கிட்டு இருந்த அம்மா. அளவைச் சொன்னா உடுப்பைத் தானே அச்சடிச்சுக் குடுக்குற துணியச்சுப் பெட்டி வீட்டுக்கு வீடு வந்தப்புறம் அவங்க மெஷின் மூலையில கெடக்கு. தணிகாசலம் கதையும் அதேதான். காட்பாடி ரோட்டுல டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்தாரு. தன்னால ஓடுற தன்னோடி வண்டிங்க வந்தப்புறம் ஓட்டக் கத்துக்க எவன் வருவான்? குழாயில தண்ணி நிக்கிற மாதிரிதான் ஆளு வரத்து நின்னுச்சு. மொதல்ல மெலிசா, அப்புறம் சொட்டு சொட்டா, அப்புறம் வெறும் காத்து.

சம்பளத்துக்குப் போறவனுக்கு, வேலை போச்சுன்னு சொல்ல ஒரு முதலாளி இருக்கான். சொந்தத் தொழில் படுத்துருச்சுன்னு யாரு சொல்றது? முன்னாடி வாய்ல சொன்னாலே சர்க்கார்ல மாசாமாசம் தொழில்வறட்சிப் படி குடுத்தாங்க. கடையை முன்பக்கம் சாத்திட்டு பின்பக்கம் வியாபாரம் பாத்தவங்களும் அதை வாங்கித் தின்னாங்க. அதனால சர்க்கார் ஆளைக் கேக்குறதை விட்டுட்டு உடம்பைக் கேக்க ஆரம்பிச்சுது. கையிலயும் கால்லயும் தசையறி வளையம்னு ஒண்ணை மாட்டி விட்டாங்க. ஒவ்வொரு தொழிலுக்கும் தசை ஒரு மாதிரி துடிக்கும். தைக்கிறவன் விரல் ஒரு மாதிரி, பரோட்டா வீசுறவன் தோள் ஒரு மாதிரி. அந்தத் துடிப்பு வந்தா தொழில் நடக்குதுன்னு அர்த்தம். படி நின்னுரும். ஜனங்க அதைக் கொலுசுன்னுதான் சொல்லுவாங்க. ஆம்பளைங்க எல்லாம் கொலுசு மாட்டுன காலம் அது.

தணிகாசலத்தோட முறை வந்துச்சு. கவுண்டர்ல நிலவன்னு ஒரு சின்ன வயசு ஆபீசர். மரியாதையான பையன்.

"ஐயா, உங்க வலது கால் தினமும் டிரைவிங் சொல்லிக் குடுத்திருக்கே?"

"யாருக்குப்பா? காரையே வித்துட்டேன்."

"அது தெரியலைங்க. காலு சொல்லுது. இந்த மாசம் படி கெடையாது."

அந்தப் படியை நம்பித்தான் மகளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருந்தாரு. மதுரவல்லிக்குத் தலைப்பிரசவம். நம்ம வீட்டுலதான் பாக்கணும், அது மொறை. சம்பந்தி வீட்டுல வேற, "முடியலைன்னா சொல்லிருங்க, நாங்களே பாத்துக்குறோம்"னு ஒரு மாதிரி சிரிச்சாங்க.

வெளிய சம்சாரம் கஸ்தூரி காத்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் தன்னோடியில ஏறுனாங்க. இவரு எப்பவும் போல முன்னாடி இடது பக்கம் உக்காந்தாரு. அங்கதான் அவசர மிதி இருக்கும். சட்டத்துக்காக வெச்சது, யாரும் தொடறதில்லை.

சத்துவாச்சாரி தாண்டி ஒரு ஆட்டுக்குட்டி புதர்லேர்ந்து குதிச்சுது. டக்குனு வண்டி நின்னுச்சு. குட்டி வண்டி மேல மூக்கை வெச்சு மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.

"தேவையற்ற தலையீடு. நானே நிறுத்தியிருப்பேன்,"னு வண்டி சொல்லுச்சு. கால்ல கொலுசு பீப்னு கத்துச்சு.

தணிகாசலம் குனிஞ்சு பாத்தாரு. அவரோட வலது கால் மிதி மேல அழுத்தமா இருந்துச்சு. அவரு வெக்கலை. அதுவா போயிருக்கு. டிரைவிங் வாத்தியாருக்கு இடது பக்கம் தனியா ஒரு பிரேக் உண்டு. கத்துக்குறவன் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு சாமியைக் கும்பிடுவான், இவரு கால்தான் அவன் உசுரைக் காப்பாத்தும். அத்தனை வருஷப் பழக்கம் எங்க போகும்?

"வீட்டுல டிவியில கார் ஓடுனாக்கூட காலால பாயை அமுக்குறீங்க. எத்தனை தடவை பாத்திருக்கேன்,"னு கஸ்தூரி சொல்லுச்சு. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, "ஆடு பொழைச்சுது. நம்ம படிதான் செத்துப்போச்சு."

மறுபடி ஆபீசுக்குப் போனாரு. நிலவன் கொரலைத் தாழ்த்திச் சொன்னான். "பழக்கத் துடைப்புன்னு ஒண்ணு இருக்குங்க. வலிக்காது. ஒரு தொப்பி மாதிரி மாட்டுவாங்க. தொழிலோட ஞாபகம் தசைக்குப் போற வழியை மட்டும் துடைச்சிருவாங்க. நடக்கலாம், ஓடலாம், எல்லாம் பண்ணலாம். அந்த ஒண்ணு மட்டும் இருக்காது. அப்புறம் படி நிக்கவே நிக்காது."

பக்கத்து பெஞ்சுல இருந்த ஷாகிரா காதுல விழுந்துச்சு. "போவாத வாத்தியாரே. எனக்கும் இதையேதான் சொன்னான். எங்கம்மா புடிச்சு வளைச்ச விரலு இது. பட்டினி கெடந்தாலும் குடுக்க மாட்டேன்."

"உங்களுக்கென்னம்மா, ஒண்டிக்கட்டை. எம்பொண்ணு நெறமாசமா வந்து உக்காந்திருக்கா."

"அப்ப போ. காலை அறுத்துக் குடுத்துட்டு நொண்டாம நட, போ."

கோவத்துல சொன்னாலும் அந்தம்மா கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு. இவரு நேரா உள்ள போனாரு, தொப்பியை மாட்டிக்கிட்டாரு. நெஜமாவே வலிக்கலை. எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். வீட்டுக்கு வர்ற வழியில தன்னோடி ஒரு வேகத்தடையில ஏறுச்சு. கால் அசையவே இல்லை. காலை இன்னொருத்தரு கிட்ட எரவல் வாங்கி வந்த மாதிரி இருந்துச்சு அவருக்கு.

படி வந்துச்சு. கஸ்தூரி பச்ச ஒடம்புக்காரிக்குன்னு பூண்டு, கருப்பட்டி, பழைய வேட்டித்துணி எல்லாம் சேத்து வெச்சுது. சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க"ன்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொல்லுச்சு.

வலி எடுக்குறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில சேத்துரலாம்னு ஒரு காலையில கெளம்புனாங்க. நல்ல வெயில். மதுரவல்லியும் அம்மாவும் பின்னாடி, இவரு முன்னாடி. ரோட்டோரம் ஒரு ஆளு சைக்கிள்ல பீரோ கதவு ஒண்ணைக் குறுக்கக் கட்டி எடுத்துட்டுப் போனாரு. ஆளுயரக் கண்ணாடி பதிச்ச கதவு. யாரோ கல்யாணத்துக்கு வாங்குன பீரோவா இருக்கும், கண்ணாடி மேல குங்குமம் கூட வெச்சிருந்துச்சு. ஒரு பள்ளத்தை ஒதுங்க சைக்கிள் ரோட்டுக்குள்ள வந்துச்சு. கண்ணாடிக்குள்ள வெறும் ரோடும் வானமும் தெரிஞ்சுது. தன்னோடி அதைத்தான் பாத்துச்சு. முன்னாடி வழி காலியா இருக்குன்னு நெனச்சு வேகத்தைக் கொறைக்கவே இல்லை.

"அப்பா, பிரேக்கு!"

மதுரவல்லி சின்ன வயசுல அவரு கிட்டத்தான் கார் ஓட்டக் கத்துக்கிட்டவ. அவளுக்குத் தெரியும், அப்பா கால் எப்பவும் முந்திக்கும்னு. தொப்பி மாட்டிக்கிட்டதுதான் அவளுக்குத் தெரியாது.

தணிகாசலத்தோட கண்ணு எல்லாத்தையும் பாத்துச்சு. மனசுக்கும் தெரிஞ்சுது. ஆனா மனசு காலுக்குச் சொல்லி அனுப்பி, கால் அதைக் கேட்டு, என்ன செய்யணும்னு யோசிக்கிறதுக்குள்ள கண்ணாடி உடையுற சத்தம் கேட்டுருச்சு. மிதி அவரு செருப்புக்குப் பக்கத்துலயே, தூசி கூடக் கலையாம இருந்துச்சு.

அந்த சைக்கிள்காரரு அங்கயே உசுரை விட்டுட்டாரு. மதுரவல்லிக்கு அந்த அதிர்ச்சியிலயே வலி எடுத்து ஆம்பளப் புள்ளை பொறந்துச்சு. புள்ளை நல்லாத்தான் இருக்கு. அவ மட்டும் அப்பாவைப் பாத்துப் பேசறதை நிறுத்திட்டா.

விசாரணை வெச்சாங்க. வண்டியோட கண்ணுல குத்தம் இல்லைன்னு முடிவாச்சு, கண்ணாடி மேலதான் பழி போச்சு. கடைசியா ஒரு அதிகாரி இவரைப் பாத்துக் கேட்டாரு.

"நீங்க டிரைவிங் வாத்தியாரு. அவசர மிதி உங்க காலடியில இருந்திருக்கு. அந்த நேரத்துல என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

தணிகாசலம் தலையைக் குனிஞ்சே சொன்னாரு. "சும்மா இருந்தேங்க. அதுக்குத்தானே எனக்குப் படி குடுக்குறீங்க."

அதிகாரி ஃபைலை மூடிட்டாரு. அந்த மாசப் படி கொறையில்லாம வந்துச்சு. கூடவே ஒரு செய்தி: "உங்கள் காலில் தொழில் அறிகுறி எதுவும் இல்லை. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

இப்ப இதைப் படிச்ச உங்களை ஒண்ணு கேக்குறேன். மக நெறமாசமா வீட்டுல உக்காந்திருக்கா, அடுப்பு எரிஞ்சாகணும். நீங்களா இருந்தா தணிகாசலம் மாதிரி காலைக் குடுத்திருப்பீங்களா, ஷாகிரா மாதிரி பட்டினி கெடந்திருப்பீங்களா? தயவுசெஞ்சு சும்மா படிச்சுட்டுப் போயிறாதீங்க. கீழ ஒரு வரியாவது பதில் எழுதுங்க.