பொட்டுவின் வீட்டில் குட்டி

சங்கீதா குடையை விரிக்கவும், வானம் பிளந்ததுபோல் இடி இடிக்கவும், பயந்துபோன பொட்டு கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடவும்... எல்லாம் ஒரே நொடியில் நடந்துவிட்டது.

"பொட்டூ..."

எதிரே வந்த பைக் சறுக்கி விழுந்தது. அந்த வெள்ளைப் பொமரேனியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிவந்து அவள் காலடியில் ஒண்டிக்கொண்டது. பைக்கில் வந்தவன்தான் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தான்.

"நாய ஒழுங்கா புடிச்சிக்க மாட்டீங்களா?"

"நீங்கதான் அவ்ளோ ஸ்பீடா வந்தீங்க!" பயத்தில் அவள் குரல் உயர்ந்துவிட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். இமைகளில் மழைத்துளிகள் நின்றன. கோபமாகத்தான் பார்த்தான்... ஆனால் அந்தக் கண்களுக்குக் கோபம் அவ்வளவு பழக்கமில்லை போலும். அடுத்து அவன் கேட்டது இதைத்தான்.

"நாய்க்கு அடி எதுவும் படலையே?"

அவள் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தாள்.

ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அவன் பெயர் பாண்டியன். சொந்த ஊர் திருப்புட்குழி. வேலை பார்ப்பதும் அதே மருத்துவமனையில்தான். "எக்ஸ்ரே எடுக்கிறவன் நானு... இன்னிக்கு எனக்கே எடுக்க வெச்சிட்டீங்க" என்று சிரித்தான். எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். அதன் பிறகும் அவன் முகத்தில் ஏதோ கவலை.

"என்னங்க?"

"ரூம்ல குட்டி தனியா இருக்குது. அஞ்சு மாசம்தான் ஆவுது..."

அஞ்சு மாசக் குழந்தையா? தனியாகவா? பதறிப்போய் அவனுடன் ஏனாத்தூரில் இருந்த அவன் அறைக்கு ஓடினாள். அவன் கதவைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு கன்றுக்குட்டி பாய்ந்து வந்து அவள் தோளில் இரண்டு கால்களையும் வைத்தது.

"இதுவா... குட்டி?"

"கிரேட் டேன் ஜாதி நாய்ங்க. இன்னும் வளருவான். பேரு வெக்கறப்போ நிஜமாவே குட்டியாத்தான் இருந்தான்."

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து...

ஒற்றைக் கையால் குட்டியைப் பிடிக்க முடியாது. ஊரில் அவன் அப்பா ஆடு வளர்க்கிறார், இதை உள்ளே விடமாட்டார். "கட்டு பிரிக்கிற வரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள் சங்கீதா. சொன்ன பிறகுதான் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. வீட்டுத் தறியில் அம்மா யாருக்கோ பாதி நெய்திருந்த கல்யாணப் புடவை. பொட்டுவோ அப்பாவின் செல்லம். அவர் இறந்த பிறகும் அவர் நாற்காலிக்கு அடியில்தான் தூங்குகிறது.

கால்நடை மருத்துவர் நிதானமாகச் சொன்னார். "எடுத்த எடுப்புல உள்ள விடாதீங்கம்மா. முதல்ல வெளியில பழகட்டும். பெருசு விளையாட்டா ஒரு கால் வெச்சாலும் சின்னதுக்கு அடிபட்டுடும். ரெண்டையும் தனியா விட்டுட்டுப் போகவே கூடாது."

ஆகவே தினமும் சாயங்காலம், சேலை டிசைன் வேலையைக் கம்ப்யூட்டரில் மூடி வைத்துவிட்டு, பொட்டுவை ஸ்கூட்டியில் உட்கார வைத்து ஏனாத்தூர் வயல்ரோட்டுக்குப் போனாள். குட்டியின் கயிறு அவள் கையில், பொட்டுவின் கயிறு அவனுடைய இடது கையில். ரோட்டின் இந்த ஓரம் அவள், அந்த ஓரம் அவன்.

"கேக்குதாங்க?" என்று அங்கிருந்து கத்துவான்.

"என்ன?"

"உங்க பொட்டு என்னை ரொம்ப திட்டிக்கினு வருது!"

நாளாக ஆக, பொட்டு குரைப்பது குறைந்தது. நடுவில் இருந்த ரோடும் குறைந்தது. ஒருநாள் நாய்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க, அவன் முழங்கை அவள் முழங்கையில் உரசியது. இருவருமே வயலில் இறங்கிய கொக்குகளைப் பார்த்தார்கள்...

பிறகு குட்டி வீட்டுக்கு வந்தது. கூடத்துக்கும் தறிக்கும் நடுவே பலகை வைத்து மறித்தாள். தட்டு தனித்தனி, தூங்கும் இடம் தனித்தனி. நாற்காலியடி பொட்டுவுக்கு மட்டும்தான். அம்மா தையல்நாயகி தறியில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டிழைகளைத் தடவியபடியே சொன்னாள். "பாவுல மட்டும் வாய வெச்சிதுன்னா பாரு."

வேலை முடிந்ததும் பாண்டியன் வந்துவிடுவான். ஒரு சாயங்காலம் குட்டி தரையோடு தரையாகப் படுத்து, தாடையையும் தரையில் வைத்து, தன்னால் ஆன மட்டும் சின்னதாகிக் கிடந்தது. பொட்டு மெல்லக் கிட்டே வந்தது... முகர்ந்தது... அந்தப் பெரிய காதை ஒருமுறை நக்கியது. சங்கீதாவின் கண்கள் கலங்கின. நிமிர்ந்தாள். அவன் நாய்களைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குக் கட்டு பிரித்த அன்றைக்குத்தான் அது நடந்தது. அவன் குரலைக் கேட்டதும் குட்டி சந்தோஷத்தில் துள்ள, பலகை சரிய, அதன் கால்கள் பாவில் மாட்டின. பட்டிழைகள் கொத்தாக அறுந்தன.

"அவரு வாழ்ந்த வீடு இது!" அம்மாவின் குரல் நடுங்கியது. "கண்ட நாயும் கண்ட ஆளுங்களும் வந்து போற எடமா?"

பாண்டியன் வாசலிலேயே நின்றுவிட்டான். சங்கீதாவைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை... அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பு எங்களுதுதாம்மா" என்றான் அவன். குட்டியை அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. 'அவருக்கே வேணாம்னா எனக்கு மட்டும் என்ன?' என்று போனைக் கவிழ்த்து வைப்பாள். கொஞ்ச நேரத்தில் திருப்பிப் பார்ப்பாள். அம்மா தறியில் குனிந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தாள்.

"சங்கீ..." ஒரு மதியம் தலை நிமிராமலே கூப்பிட்டாள். "பாவு அறுந்ததுக்காக நான் கத்தல."

"அப்புறம் எதுக்கும்மா?"

"அந்தத் தம்பி வந்தா நீ சிரிக்கற. அப்பா போனதுக்கப்புறம் நீ அப்படி சிரிச்சி நான் பாத்ததில்ல. சந்தோஷமாத்தான் இருந்துச்சி. ஆனா... நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் ஒருத்திதானேன்னு பயந்துட்டேன்மா."

சங்கீதா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அவங்க வேற ஆளுங்கம்மா. பெரியப்பா குதிப்பாரு..."

"குதிக்கட்டும். நான் பேசிக்கறேன். நீ போயி கூட்டிக்கினு வா."

"யார? குட்டியவா?"

"ரெண்டு பேரையுந்தான்."

சுள்ளென்று வெயில் அடித்தது. ஏனாத்தூரில் பாண்டியன் தன் அறையின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"குட்டி உள்ள தூங்குது. எழுப்பவா?"

"வேணாம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அன்னிக்கு நான் பேசியிருக்கணும். பேசாம நின்னுட்டேன். அது தப்பு. ஸாரிங்க."

அவன் கட்டு பிரித்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

"கட்டு பிரிச்சா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. எனக்கு அழுகையா வந்துச்சிங்க... இனிமே உங்க வீட்டுக்கு வர என்ன காரணம் சொல்றதுன்னு. ரெண்டு மூணு தடவ போனை கையில எடுத்தேன். கூப்ட்டா நாய்க்காகத்தான் வருவீங்களோன்னு வெச்சிட்டேன்."

"நாய்க்காக வரல." அவள் குரல் தழுதழுத்தது. ஆனாலும் இந்த முறை தலை குனியவில்லை. "உங்களுக்காக வந்தேன். எனக்கு உங்கள ரொம்ப பிடிச்சிருக்குது."

அவன் கண்கள் நிறைந்தன...

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"மாட்டேன் போங்க. நீங்க சொல்லுங்க."

"பிடிச்சிருக்குது. அந்த ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலருந்தே பிடிச்சிருக்குது." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "அம்மா கிட்ட நானே வந்து கேக்கறேன்... நாளைக்கு."

அவள் அவனையே பார்த்தாள்.

"சரி... இன்னிக்கு."

அவள் ஸ்கூட்டி சாவியை எடுத்து நீட்டினாள்.

"இப்பவே வரேங்க!" என்றான் பாண்டியன்.