ஓடைநாக்கு அலறிய போகம்

பாவாத்தாளின் வயலிலிருந்து ஓடைக்கு வடிந்த நீரில் நஞ்சு துளியும் இல்லை. அதனால்தான் ஓடைநாக்கு அலறியது. அலறியதும் அவள் மடை தானாகப் பூட்டிக்கொண்டது. கதிர் தள்ளும் பருவத்து நெற்பயிர் நீரில்லாமல் வெடித்த மண்ணில் நின்றது.

ஓடைநாக்கு, வயலுக்கு ஒன்றாக நீர்நல அலுவலகம் வடிகாலில் நட்ட உலோக நாக்கு. முதன்முதலில் ருசித்த நீரே அதற்கு நல்ல நீர். ருசி மாறினால் கத்தும். மற்ற ஊர்களில் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பாவாத்தாளின் ஊரான சேந்தனூர்க்காரர்கள்தான், நாக்கு வந்துவிட்டால் மருந்தடிக்க விடமாட்டார்கள் என்று பயந்து, கையிருப்புப் பூச்சிமருந்து முழுவதையும் முந்தின நாளே அடித்துத் தீர்த்தார்கள். மறுநாள் தவளைகள் மல்லாந்து மிதந்த ஓடையில், சூடம் காட்டி, நாக்குகளை முதல் ருசிக்கு நனைத்தார்கள்.

அன்றுமுதல் மருந்தடித்தவன் நல்லவன். ஓடையில் வாய்வைத்த எருமைக்கன்று செத்ததும் தெளிப்பானைப் பரணில் எறிந்த பாவாத்தாள் மட்டும் குற்றவாளி.

நாக்கைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு நீர்நல அலுவலர் இன்பராஜிடம் போனாள்.

“மடையத் தொறந்து உடுங்க சார். பயிரு கருகுதுங்.”

“உங்க தண்ணி இயல்பா இல்லீங்கம்மா.” மேசையடியிலிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்து நீட்டினார். “இத அடிங்க. சரியாப் போயிரும்.”

“நல்ல தண்ணிய ஏனுங் நாசம் பண்ணோணும்?”

“நாசமில்லம்மா. சீராக்கறது.”

பாவாத்தாள் புட்டியை வாங்கிக்கொண்டாள். அவர் குடிக்க வைத்திருந்த தம்ளரில் நாக்கை முக்கினாள். அது போட்ட கூச்சலில் பக்கத்து அறை எழுத்தர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

“உங்க தண்ணியும் கெட்டுக் கெடக்குதுங்களே சார். இதையா குடிக்கறீங்?”

புட்டியைத் திறந்து ஒரு மூடி ஊற்றினாள். அலறல் நின்றது. ‘நீர் நலம்’ என்றது நாக்கு, தேன் ஒழுகும் குரலில்.

“சீராயிருச்சுங். குடிங்.”

இன்பராஜ் தம்ளரைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார்.

“எனக்கு இன்னைக்கு விரதம்,” என்றார்.

“எம்பயிருக்கு விரதமில்லீங். சாவிய எடுங்.”

எடுத்தார். மடை திறந்தது; மறுபடி பூட்டிக்கொள்ளாதபடி பூட்டையே கழற்றிவிட்டார். மறுபடி நட்ட நாக்கு போகம் முழுவதும் ஓயாமல் அலற, நெல் அதைக் கேட்டுக்கொண்டே விளைந்தது. ஊரார் வரப்புகளை இடுப்பளவுக்கு உயர்த்தினார்கள், பாவாத்தாள் வயல் விஷம் தங்கள் பக்கம் வந்துவிடக் கூடாதென்று.