பாற்சோற்றில் இல்லாத ஈ

அதிகாலைத் தொழுகைப் பாயை மடித்து வைத்த கையோடு சுபைறா அரிசி புடைக்கும் சுளகை எடுத்துவிடுவாள். அச்சிமுகம்மது மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்குள் காலடி வைத்த நாள் முதல் அது அவளுடைய வழக்கம். கல் பொறுக்காத அரிசி அவளுடைய உலையில் விழுந்ததே இல்லை. இரு கண்களிலும் வெண்படலம் படர்ந்து உலகம் மங்கிப்போயிருந்த காலத்திலும் விரல் நுனிகளாலேயே கல்லையும் நெல்லையும் பிரித்தெடுத்தாள்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணைக் கீறிப் படலத்தை எடுத்து, தடித்த கண்ணாடி ஒன்றையும் மாட்டி அனுப்பியிருந்தார்கள். மற்றக் கண்ணுக்கு இன்னும் காலமிருந்தது. இழந்த வெளிச்சம் திரும்பி வந்தது. ஆனால், அதனோடு கூடவே அழையாத விருந்தாளிகளும் வந்திருந்தார்கள்.

அன்று காலையும் சுளகில் ஒரு கறுப்பு ஓடியது. விரலால் கவ்வினாள். விரலிடுக்கில் ஒன்றுமில்லை. கறுப்போ நான்கு விரல் தள்ளி நின்றது. அங்கே கையை வைத்தாள். அது இங்கே வந்தது.

"உம்மா, அதே அரிசிய எத்தின தரம் புடைக்கிற?" என்றாள் மகள் நஸீறா.

"வண்டு போல என்னவோ ஓடுது மகள். நூல் நூலாயும் தெரியுது."

"எனக்கு ஒண்டும் தெரியல்லியே."

கிணற்றடியிலிருந்து வந்த அச்சிமுகம்மது தோளிலிருந்த துவாயை உதறினார்.

"வண்டுக் கதைய இண்டையோட விடு சுபைறா. ராத்தாட வீட்டுக்குப் போய் ஈ எண்டும் எறும்பு எண்டும் வாயத் தொறந்தியோ, அதோட எல்லாம் முடிஞ்சிரும்."

"மெய்யாவே தெரியுது. நான் என்ன செய்ய?"

"தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இரி. ஒண்ட கண் பளிங்கு போல வந்திட்டெண்டு ராத்தாக்கிட்ட சென்னன் நான். பழுதான கண்ணுள்ள குடும்பத்துல அவ மகனக் குடுப்பாவா?"

சுபைறா சுளகை எடுத்து ஓரமாக வைத்தாள். அச்சிமுகம்மதுவின் மூத்த சகோதரி ஆயிஷா உம்மாவின் மகன் மசூரைத்தான் நஸீறாவுக்குப் பேசியிருந்தார்கள். சிறு வயது முதலே அந்தப் பெயரைக் கேட்டால் நஸீறா எழுந்து உள்ளே போய்விடுவாள். அவ்வளவு பிரியம். அந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும். மாப்பிள்ளையைப் பெற்றவளின் சொல்லே முடிவு. அன்று ஆயிஷா உம்மாவின் வீட்டில் நபிகளின் புகழ் பாடும் மௌலூது ஓதிப் பகல் விருந்து. விருந்து முடிந்ததும் கலியாணத்துக்கு நாள் குறிப்பதாக ஏற்பாடு.

பெண்கள் உள்ளறையில் சஹனைச் சுற்றி அமர்ந்தார்கள். ஒரே பெரிய தட்டில் நாலைந்து பேர் கூடி உண்பது சஹன். ஆயிஷா உம்மாவுக்கு நேர் எதிரே சுபைறா. பக்கத்தில் சுபைறாவின் எதிர்வீட்டுச் சபியா உம்மா. இன்னும் இரண்டு உறவுக்காரிகள். தேங்காய்ப் பாலில் வெந்த வெள்ளை வெளேரென்ற பாற்சோறு தட்டு நிறைய இருந்தது. ஆயிஷா உம்மா தன் கையாலேயே வாழைப்பழமும் சீனியும் பிசைந்து, சம்பந்தியாகப் போகிறவளின் பக்கமாக ஒரு பங்கைத் தள்ளிவிட்டாள்.

அந்த வெள்ளையின் மேல் ஒரு கறுப்பு வந்து அமர்ந்தது.

சுபைறா கையை வீசி விரட்டினாள். அது போய்ப் பின்னும் வந்தது. சோற்றைத் தொட்ட கை தானாகவே பின்வாங்கியது. இரண்டு விரலால் அதை எடுத்தெறிய முயன்றாள். கிடைக்கவில்லை.

"என்ன புள்ள, கை ஏன் பின்னுக்குப் போகுது?" என்றாள் ஆயிஷா உம்மா.

"ஒண்டுமில்ல மதினி. ஒரு ஈ..."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"எங்க ஈ?"

"இப்ப இரிந்திச்சி... ஒங்கட பக்கத்தால இஞ்சால வந்திச்சி."

"ஈயெண்டாப் பறக்குமே," என்று சபியா உம்மா மெல்ல இழுத்தாள். "இவ தேடுறது சோத்துக்குள்ள கெடக்கிற கறுப்ப போல."

விருந்து வைத்தவள் பிசைந்து தள்ளிய சோற்றில் கறுப்புத் தேடுவதற்கு அந்த ஊர்களில் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. ஆளை மயக்கி வசப்படுத்தும் 'மருந்து' அதில் கலந்திருக்கிறது என்று சந்தேகிப்பது. அதைவிடப் பெரிய பழி ஒரு பெண்மேல் சுமத்த முடியாது.

ஆயிஷா உம்மா சஹனிலிருந்து கையை எடுத்தாள்.

"என்ட கையால மருந்து போட்டிரிக்கன் எண்டு செல்ல வாறியா?"

"அல்லாக்காக மதினி, நான் அப்பிடி நினைக்கவேயில்ல..."

"மறுகா என்னத்தத் தேடுற? என்ட தம்பிய இத்தின வருசமா முந்தானையில முடிஞ்சி வெச்சிரிக்கிறவ நீ. மருந்துட நிறம் ஒனக்குத்தான் தெரியும்."

"என்ட கண்ணுல..." என்று தொடங்கிய சுபைறாவுக்குக் காலையில் கணவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"கண்ணுல என்ன? தம்பி, இஞ்ச வா."

ஆண்கள் இருந்த முன்னறையிலிருந்து அச்சிமுகம்மது வந்து திரைச்சீலையருகே நின்றார்.

"இவட கண்ணுக்கு என்னவும் கோளாறா? கோளாறெண்டாச் செல்லு. நான் இதோட விட்டுர்றன்."

சுபைறா கணவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் யாசித்தாள்.

அவர் தமது கால் விரல்களைப் பார்த்தார். "கண் நல்லாத்தான் இரிக்கி ராத்தா."

"கேட்டீங்களா எல்லாரும்? கண் நல்லம். கெட்டுப்போனது நெஞ்சு." ஆயிஷா உம்மா எழுந்து நின்றாள். "ஒழும்பு சுபைறா. என்ட மகன் ஒண்ட வாசல்ல கால் வெக்க மாட்டான்."

அத்தோடு நிற்கவில்லை. மறுநாள் ஆயிஷா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டு வேலிவாசல் கடப்படியிலும் நின்று, தம்பி பெண்சாதி தன்மேல் சுமத்திய பழியைச் சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு யாரும் சுபைறாவைத் தங்கள் சஹனுக்கு அழைக்கவில்லை.

வீட்டுக்குள்ளும் நிலைமை வேறாக இல்லை. நஸீறா சட்டியைக் கழுவும் சத்தத்திலேயே உம்மாவுக்குப் பதில் சொன்னாள். ஒரு நாள் அதுவும் உடைந்தது.

"மாமிய ஒங்களுக்கு எண்டைக்குமே புடிக்காது. அது எனக்குத் தெரியும். அதுக்காக என்னைக் கொண்டு போய் அந்தச் சோத்துல பொதைக்கணுமா உம்மா?"

"மகள், எனக்குத் தெரிஞ்சது மெய்."

"என்னத்த தெரிஞ்சிச்சி? ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாத ஈ ஒங்களுக்கு மட்டும் தெரியுதா? வாப்பாவே இல்லெண்டு சென்னாரே."

தன் கண்ணையே சுபைறா நம்பாத நாட்கள் அவை. சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தால் சுவரில் கறுப்புகள் ஓடின. வெயில் வானத்தைப் பார்த்தால் வானத்தில் ஓடின. ஒரு நரியைப் பற்றிச் சொல்வதுண்டு. அந்தி வேளையில் தன் முன்னே ஒரு வண்டு ஓடுவதைக் கண்டு அது பாய்ந்ததாம். வண்டும் பாய்ந்ததாம். குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக் களைத்து நரி விழுந்தபோது வண்டும் எதிரே படுத்துக்கொண்டதாம். தன் இமையில் தொங்கிய ஒற்றை மயிரைத்தான் துரத்தினோம் என்பது பாவம், அந்த நரிக்குக் கடைசிவரை தெரியவில்லை. சுபைறாவின் நிலையும் அதுவாகவே இருந்தது.

கண்ணைத் திரும்பக் காட்ட வேண்டிய நாள் வந்தபோது அச்சிமுகம்மது, "சவளக்கடையில வேளாண்ம வெட்டு, எனக்கு நேரமில்ல" என்று வயலுக்குப் போய்விட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நஸீறாதான் பஸ்ஸில் கூட வந்தாள்.

டொக்டர் அழகரெத்தினம் வெளிச்சத்தைப் பாய்ச்சிக் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"புள்ளியள் இன்னும் மிதக்குதா?"

சுபைறா நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கட்டு அவிழ்த்த அண்டே பாத்தனே. கண்ணுக்குள்ள இருக்கிற நீர்ல சின்னச் சின்னத் துணுக்குகள் மிதக்கும். அதுகள்ட நிழல்தான் உங்களுக்குக் கறுப்பாத் தெரியிறது. வெள்ளையப் பாத்தா இன்னும் கூடத் தெரியும். பயமில்ல. பழகிப்போகும் எண்டு உங்கட அவரிட்ட நல்லா விளங்கப்படுத்தினேனே. அவர் சொல்லல்லியா?"

நஸீறாவின் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

"அத விரட்டாதீங்க," என்று டொக்டர் தொடர்ந்தார். "விரட்டினா ஓடும். கண்ண மேலையும் கீழையும் மெல்ல ஆட்டிப்போட்டு, வேற எதையாவது பாருங்க. அது ஒதுங்கிரும். மின்னல் போல வெட்டினாலோ, திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைஞ்சாலோ மட்டும் உடனே ஓடி வாங்க."

திரும்பும் வழியில், பஸ் கல்லாற்றைத் தாண்டியதும், நஸீறா உம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள்.

"வாப்பாக்குத் தெரிஞ்சிரிக்கி உம்மா... தெரிஞ்சிக்கிட்டே... நான் இப்பவே போய் மாமிக்கிட்டச் செல்லுறன்."

"நீ செல்லினா மகள் உம்மாக்காகப் பொய் செல்லுறாள் எண்டுதான் அவ நினைப்பா. மறைச்சவர்ட வாயாலதான் அது வரணும்."

பின்னேரம் வயற்சேறு காய்ந்த கால்களோடு அச்சிமுகம்மது வந்தபோது சுபைறா வாசற்படியை மறித்து நின்றாள்.

"டொக்டர் ஒங்களுக்கிட்ட என்ன சென்னாரு?"

அவர் முகம் கறுத்தது. "இதெல்லாம் நடுவாசல்லயா கேக்குற?"

"நடுச்சபையிலதானே என்னைக் கைவிட்டீங்க."

"நான் நஸீறாக்காகத்தான் மறைச்சன். கண்ணு பழுதெண்டு தெரிஞ்சா ராத்தா கலியாணத்த நிப்பாட்டிருவாவெண்டு..."

"இப்ப நிக்கல்லியா? கண்ணு பழுதெண்டு செல்லியிரிந்தா என்னைக் குருடி எண்டிரிப்பாங்க. அத நான் தாங்குவன். நான் பழிகாறி எண்டல்லவா இண்டைக்கு ஊரே செல்லுது. நான் பெத்த புள்ளயே என்னை நம்பல்ல. நீங்க பாத்துக்கிட்டு இரிந்தீங்க. நான் ஆக்கின சோத்தையும் திண்டுக்கிட்டு இரிந்தீங்க."

"சரி, நடந்தது நடந்திட்டு. வழிய விடு, நான் குளிக்கணும்."

"இது என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு," என்றாள் சுபைறா. "இத்தின வருசத்துல ஒரு நாளும் அத நான் செல்லிக்காட்டினதில்ல. இண்டைக்குச் செல்லுறன். ஒங்கட ராத்தாக்கிட்ட மெய்யச் செல்லுற வரைக்கும் இந்தப் படிய மிதிக்க வேணாம்."

நஸீறா வாப்பாவின் சாரங்களையும் சேட்டுகளையும் ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து படியில் வைத்தாள். அவள்தான் முதலில் அழுதாள். அச்சிமுகம்மது மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பெண்சாதி வீட்டிலிருந்து இறங்கிய ஆண்மகனுக்கு அந்த ஊர்களில் போகும் இடம் ஒன்றே ஒன்றுதான், உடன்பிறந்தவளின் வீடு. அங்கே போனால் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். அதற்கு அஞ்சிய அச்சிமுகம்மது சவளக்கடை வயலில் இருந்த குடிசையான வாடியிலேயே படுத்துக்கொண்டார். ஆனால் வேளாண்மை வெட்டி முடிந்து, கதிர்ச் சூடும் மிதித்து, நெல்லும் வீட்டுக்கு ஏறிய பிறகு வாடியில் ஓர் ஆணுக்கு என்ன வேலை? நுளம்புக் கடியும் வெறுஞ்சோறும் அவரை விரட்டின. கடைசியில் மூட்டையோடு போய் ஆயிஷா உம்மாவின் வீட்டு முன்றிலில் நின்றார் என்று சுபைறாவின் காதில் விழுந்தது. அங்கே என்ன பேசப்பட்டது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் முற்பகல். சுபைறா முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஓர் ஆண்குரல் கேட்டது. தணிந்த, அடைத்துப்போன குரல். அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் அதட்டல்.

"ஒறப்பாச் செல்லு. எனக்கு முன்னால நிண்டு பொய் செல்லக்குள்ள இரிந்த குரல் இப்ப எங்க போன?"

நஸீறா வேலியருகே ஓடினாள். ஓடியவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

"உம்மா... மாமி வாப்பாவ ஒவ்வொரு கடப்படியா கூட்டிட்டு வாறா."

குரல் அடுத்த வளவுக்கு வந்தது. இப்போது சொற்கள் தெளிவாகக் கேட்டன.

"என்ட பெஞ்சாதிட கண்ணுக்குள்ள கறுப்புப் புள்ளி மிதக்குது. டொக்டர் எனக்கிட்டச் சென்னாரு. நான்தான் மறைச்சன். அவ யார்லயும் பழி செல்லல்ல."

"அந்தப் பழிய வீடு வீடாச் சுமந்தவ நான்," என்றது ஆயிஷா உம்மாவின் குரல். "அத எறக்கி வெக்க நானும் வந்திரிக்கன்."

சுபைறா நெல்லைக் கிளறிய கையோடு நின்றாள். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு கடப்படியிலும் அதே சொற்கள். கடைசியில் இருவரும் அவளுடைய வாசலுக்கு வந்து வெளியிலேயே நின்றார்கள். அச்சிமுகம்மதுவின் சேட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது. ஆயிஷா உம்மாவின் முக்காடு நழுவியிருந்தது.

"நீயாவது எனக்கிட்ட வந்து செல்லியிரிக்கலாமே சுபைறா," என்றாள் ஆயிஷா உம்மா. கோபம் இன்னும் அவள் குரலை விட்டு முற்றாக இறங்கவில்லை.

"செல்லியிரிந்தா நம்பியிரிப்பீங்களா மதினி?"

"நம்பியிரிக்க மாட்டன்," என்றாள் ஆயிஷா உம்மா. சொன்னதும் அவள் உதடு கோணியது. "அன்னியப் பொம்புளைக்கும் நான் செய்யாத கொடும, ஒனக்குச் செஞ்சிட்டன் புள்ள. பொறுத்துக்க. மசூர் இன்னும் நஸீறாவத்தான் கேட்டுக்கிட்டு இரிக்கான். நாளக் குறிக்கிறதெண்டா ஒண்ட வீட்டுல வெச்சிக் குறிப்பம். ஒனக்கு மனமிரிந்தா."

சுபைறா மகளைத் திரும்பிப் பார்த்தாள். நஸீறா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடினாள். அதைவிடத் தெளிவான சம்மதம் வேறு இல்லை. சுபைறா மதினியின் கையைப் பற்றி உள்ளே இழுத்தாள். இருவரும் வாசலிலேயே ஒருவர் தோளில் ஒருவர் முகம் வைத்து அழுதார்கள்.

அச்சிமுகம்மதுவும் படியில் ஒரு காலை எடுத்து வைத்தார்.

"சபியா உம்மாட வீட்டுக்குப் போனீங்களா?" என்றாள் சுபைறா, கண்ணைத் துடைத்தபடி.

"அவ... அவக்குத்தான் இந்நேரம் ஊரே போய்ச் செல்லியிரிக்கும்."

"ஊர் செல்லுறது வேற. நீங்க செல்லணும்."

அவர் எடுத்து வைத்த காலைத் திரும்ப எடுத்தார். தெருவைக் கடந்து எதிர் வளவின் கடப்படியில் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இம்முறை அதட்டுவதற்குப் பின்னால் யாரும் இல்லை.

"சபியா ராத்தா, கொஞ்சம் வெளியில வாங்க. என்ட பெஞ்சாதியப் பத்தி ஒரு மெய் செல்லணும்."

சுபைறா கதவைச் சாத்தாமல் அவர் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.