வாத்துக் கதைக்கு ஓர் உம்

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இரட்டை ஷிப்ட் முடிந்து முற்பகலில் வீடு திரும்பிய ஜெசிந்தா, செருப்பைக் கழற்றுவதற்குள் கைக்குட்டி கண்ணைத் திறந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. இரண்டு முயல்காது, கன்னத்தில் ரோஜாநிறப் பொட்டு. புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சத் தோன்றும். புதிதாகப் பார்ப்பவர்கள் இப்போது தூத்துக்குடியில் யாரும் இல்லை.

முதலில் விளையாட்டுகள். தவளையின் வாயில் நீர் ஊற்றினால்தான் அன்றைக்குக் குழாய் திறக்கும். மின்மினிக்கு இலை ஊட்டினால்தான் விளக்கு எரியும். சோப்புக் குமிழிகளை உடைத்தால்தான் ஆலையில் வருகை பதியும். ஜெசிந்தா ஒரு கையால் உலை வைத்துக்கொண்டே மறுகைக் கட்டைவிரலால் எல்லாவற்றையும் முடித்தாள். "நன்றி அக்கா!" என்று தவளை குட்டிக்கரணம் போட்டது. "சரி, போ" என்றாள். அடுத்தது கதை.

"ஒரு காட்டில் ஒரு நத்தை இருந்ததாம்."

"உம்."

"அதன் முதுகு வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடிவிட்டதாம்."

"உம்."

நத்தை போய் எறும்பு வந்தது. எறும்புக்கு மருத்துவக் காப்பீடு. எறும்புக்கும் உம் கொட்டினாள். அரிசி களைந்தாள். வெங்காயத்தை எடுத்தாள்.

"ஒரு குளத்தில் இரண்டு வாத்துகள் இருந்தனவாம்."

"உம்."

"சேர்ந்தே நீந்தி இரண்டும் அலுத்துப்போயினவாம்."

"உம்."

"இனி உனக்கு ஒரு குளம், எனக்கு ஒரு குளம் என்று ஒரு வாத்து கேட்டதாம்."

"உம்."

கைக்குட்டி கைதட்டியது. திரையில் காகிதப் பூ கொட்டியது. "கதை முடிந்தது! சீட்டு எடுப்பதென்றால் நண்பகல் சங்கு ஊதும்வரை எடுக்கலாம், அக்கா." ஜெசிந்தா வெங்காயத் தோலை வாளியில் போட்டாள்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதற்கு முந்தைய காலத்தில் யாரும் எதையும் படிக்காமல் 'சம்மதம்' என்ற கட்டத்தை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். அமுக்கி அமுக்கி வீடிழந்தவர்கள் உண்டு. எனவே எந்த ஒப்பந்தத்தையும் குழந்தைக்குப் புரியும் கதையாகத்தான் சொல்ல வேண்டும், கேட்பவர் உம் கொட்டினால்தான் கதை நகரும், பிடிக்காவிட்டால் சீட்டு எடுத்துச் சீட்டுப் போரில் பேரம் பேசலாம், எடுக்காவிட்டால் சம்மதம் என்று ஆக்கினார்கள். முதல் வருடம் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. பிறகு சோப்புக்கட்டிக்கும் கதை வந்தது, லிப்டில் ஏறுவதற்கும் கதை வந்தது. மனிதக் காதுதானே, எவ்வளவுதான் தாங்கும்!

உள்ளறையிலிருந்து ரொசாரியோ வந்தான். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுபவன், அவள் கணவன். தோளில் பெரிய பை தொங்கியது.

"வாத்துக் கதைக்கு உம் சொல்லிட்டியா?"

"தண்ணி வரிதானே? கூட்டிட்டானா?"

"நான் அனுப்புனது ஜெசி. பிரிஞ்சுக்கிடலாம்னு."

ஜெசிந்தாவின் கத்தி வெங்காயத்திலேயே நின்றது. "என்ன சொல்லுதிய? ஒரு வார்த்தை வாயால சொல்லாம கதையில அனுப்புனியளா?"

"வாயால சொன்னா நீ எங்க கேக்க? கதையா வந்தாலாவது காதுல விழும், சீட்டத் தூக்கிட்டு சண்டைக்கு வருவன்னு நெனச்சேன். இதுக்கும் உம்னுட்ட."

"எப்ப வாயால சொன்னிய, நான் கேக்காம இருந்தேன்?"

அவன் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றான். "சூசை செத்த அன்னைக்கு."

"சூசையண்ணன் செத்துட்டாவளா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு கேவலமானது என்று அவளுக்கே உறைத்தது. சூசை அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். இந்த வீட்டில் மீன்குழம்புச் சட்டியை வழித்துச் சாப்பிட்டவன்.

"இழுவைக் கயிறு அறுந்து என் கண்ணு முன்னால போனான். அன்னைக்கு வந்து, இந்தா இங்கதான், உன் பக்கத்துல இருந்து முழுசும் சொன்னேன். சொல்லச் சொல்ல உம், உம்னு கேட்ட. கடைசியில எந்திரிச்சு, 'சீட்டு எடுக்கல, சம்மதம்'னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்ட."

ஜெசிந்தா அந்த நாளைத் தேடிப்பார்த்தாள். கால்வலி நினைவிருந்தது. கண் எரிந்தது நினைவிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்து அழுதது நினைவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத் தாங்கவும் உடம்பில் தெம்பில்லை.

ஈரக்கையோடு கைக்குட்டியை எடுத்தாள். "சீட்டு எடுக்கேன்" என்றாள்.

"ஹையா, சீட்டுப் போர்!" என்று கைக்குட்டி காதை ஆட்டியது. விளையாட்டுகளில் சேர்த்த சீட்டுகள் விசிறிபோல் விரிந்தன. ஒவ்வொரு சீட்டை இறக்கும்போதும் ஒரு நிபந்தனையைச் சொல்ல வேண்டும். ரொசாரியோவும் தன் கைக்குட்டியை எடுத்தான். அவனுடைய கோபக்கார நண்டு திரையில் வந்து கொடுக்கை ஆட்டியது. "தனிக் குளம்" என்றான், சோர்ந்த குரலில்.

ஜெசிந்தா கொட்டாவிப் பூனையை இறக்கினாள். "சூசையண்ணனுக்கு நடந்ததை முதல்ல இருந்து கேக்கணும்."

பூனை படுத்துத் தூங்கிவிட்டது. "அந்த நிபந்தனை என் பையில் இல்லையே அக்கா. வீடு, பாத்திரம், பண்டிகை நாள், இவை மூன்றும்தான் இருக்கின்றன."

குடைக்காளானை இறக்கி அதையே சொன்னாள். கண்ணாடி போட்ட ஆந்தையை இறக்கியும் அதையே சொன்னாள். காளான் சுருங்கியது, ஆந்தை பறந்துபோனது. கையில் ஒரே ஒரு ஆமை மிஞ்சியது.

"வீட்டைக் கேளு ஜெசி" என்றான் ரொசாரியோ, எதிரணி ஆட்டக்காரன் என்பதை மறந்து. "அதுக்குக் கணக்கு உண்டு. பேச்சு ஒரு மாசம் இழுக்கும்."

"வீட்ட வச்சு என்ன செய்ய? எனக்கு அதுதான் கேக்கணும்."

ஆமையும் ஓட்டுக்குள் போய்விட்டது. கைக்குட்டி தோல்விக்கான சின்னப் பாட்டைப் பாடியது, அதுவும் இனிமையாகத்தான் இருந்தது.

ரொசாரியோ கதவுவரை போனான். பிறகு பையைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தான்.

"முதல்ல இருந்தா?"

"முதல்ல இருந்து."

"அன்னைக்குக் காலையிலேயே காத்து சரியில்ல" என்று தொடங்கினான். ஜெசிந்தாவின் தொண்டைக்குள் உம் தானாக எழுந்து வந்தது. உதட்டைக் கடித்து அதை விழுங்கினாள். வேறு என்ன சொல்வார்கள்? கதை கேட்கும்போது இதற்கு முன் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? யோசித்து யோசித்து அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தாள்.

"அப்புறம்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "போவாண்டாம்னு சூசை சொன்னான். நான்தான் கேக்கல."

"அப்புறம்?"

துறைமுகத்தில் நண்பகல் சங்கு ஊதியது. அடுப்பருகே கிடந்த திரையில் இரண்டு வாத்துகள் ஆளுக்கொரு குளத்துக்கு நீந்திப் போயின, அவற்றின்மேல் பூ கொட்டியது. "வாழ்த்துகள் அக்கா! வாழ்த்துகள் அண்ணா! இனி நீங்கள் கணவன் மனைவி இல்லை" என்றது கைக்குட்டி. இருவரும் திரும்பவில்லை. உலையில் சோறு குழைந்துகொண்டிருந்தது.

"கயிறு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சூசை என்னைத் திரும்பிப் பார்த்து..." ரொசாரியோ பையின் வாரை மறுபடி திருகினான்.

ஜெசிந்தா அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். தூக்கம் கண்ணை அழுத்தியது. வெங்காயக் கையாலேயே கண்ணைத் தேய்த்துத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"பார்த்து? அப்புறம்?"