அண்டை ஊர் எது?

"சார், அது என் இடம்!"

பயிற்சி அரங்கில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். மழையில் தொப்பலாக நனைந்து, நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கியபடி ஒருத்தி... வெளியே வெட்டிய மின்னல் அந்தக் கண்களுக்குள் புகுந்துவிட்டதோ?

"பேர் எழுதியிருக்கா?"

"வண்டியப் பூட்டப் போறதுக்கு முன்னாடி கைக்குட்டை போட்டுட்டுப் போனேன். அதுமேலதான் உட்கார்ந்திருக்கீங்க!"

துள்ளி எழுந்தான்.

நோய் வரைபடப் பயிற்சியில் இருவருக்கு ஒரு கணினி. அவள் கால்நடை மருத்துவர். அவன் சுகாதாரத் துறையில் புள்ளியியலாளன். பேய்சியன் என்ற புள்ளியியல் முறை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவள் கொண்டுவந்தது மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் கணக்கு. திரையில் விரிந்த வரைபடத்தில் ஒரே ஒரு சின்ன ஊர் மட்டும், ஆபத்து அதிகம் என்று ரத்தச் சிவப்பு.

"மாடே கொஞ்சம், டாக்டர். ரெண்டு செத்தாலே இப்படிப் பயமுறுத்தும். பக்கத்து ஊர் நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்கணும். அதான் இந்த முறையோட அழகு." தட்டினான். சிவப்பு வெளிறியது.

"அந்த ரெண்டையும் புதைக்கறப்ப நான் நின்னேன், சார். அழகா இல்ல."

"உணர்ச்சிவசப்பட்டா கணக்கு வராது!"

அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டான். அவள் முகம் சுண்டிப்போனது. மறுநாள் முழுக்க நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். அவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. 'ஏன்டா வாயை விட்டே...'

கடைசி நாள் காலை, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"டாக்டர்... அந்தச் சின்ன ஊரைச் சுத்தி இருக்கிறதெல்லாம் நிஜமாவே பக்கத்து ஊர்தானா?"

முறைத்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன...

"ஐயோ... நடுவுல ஆறு, சார்! பாலமே கிடையாது. இவங்க மாடெல்லாம் கீழ வெள்ளம் வடியற புல்வெளியில மேயும். அதோ, அந்தக் கடைசி ஊர் மாடுங்களோட!"

அவள் சொல்லச் சொல்ல, எந்த ஊருக்கு எது அண்டை என்பதை அவன் மாற்றினான். கணினி ஓடியது. தன்னை அறியாமல் அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தாள். சின்ன ஊர் மீண்டும் சிவந்தது. கூடவே, இதுவரை ஒரு மாடுகூடச் சாகாத அந்தக் கடைசி ஊரும்!

அடுத்த நொடி போனில் இருந்தாள். "தடுப்பூசியோட கிளம்புங்க. இப்பவே!"

மாலையில் அந்தக் கடைசி ஊரிலிருந்து பதில் வந்தது. ஒரு பசுவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. தனியாகக் கட்டி மருந்து கொடுத்தாயிற்று. மற்ற எல்லாவற்றுக்கும் ஊசி போட்டாயிற்று.

அவன் எல்லோர் முன்னாலும் எழுந்தான். "அன்னைக்கு டாக்டர் சொன்னதுதான் சரி. தப்பு என்மேல."

"பாதிதான். ஆறு இருக்கிறது எனக்கும் தோணலையே," என்றாள். அரங்கம் கைதட்டியது.

பையை அடுக்கும்போது அவள் போன் அலறியது. கை ஒழியாமல் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"என்னடி, அந்தக் கணக்கு இன்னைக்கும் உர்ருன்னுதான் இருந்தானா? தினமும் அவன் புராணம் தாங்கல. பிடிச்சிருந்தா சொல்லித் தொலையேன்!"

"அக்கா...!"

பாய்ந்தாள். அதற்குள் அவன் போனருகே குனிந்திருந்தான்.

"அக்கா, அந்தக் கணக்குதான் பேசறேன். எனக்கு அவங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. வீட்டுக்கு எப்ப வரட்டும்?"

மறுமுனையில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. பிறகு, "முதல்ல அவ என்ன சொல்றா?"

காது மடல்வரை சிவந்து நின்றவள், மெல்ல அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"நாளைக்கே வரச் சொல்லுக்கா..."